பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு மரத்தரையின் குறைந்த உமிழ்வை எப்படி ஆவணப்படுத்துவது?

விற்பனையாளர் ஃபார்மால்டிஹைடு (பலகைப் பிசினிலிருந்து ஆவியாகும் நச்சு வாயு) சான்றிதழைக் கொடுத்துவிட்டார், லீட் (LEED) என்னும் பசுமைக் கட்டடச் சான்றிதழின் மதிப்பாய்வுக்கு அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த ஒரே தாளை நம்பி ஒரு முறை அவதிப்பட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் வாங்கியிருப்பதும் என்ஜினியர்டு மரத்தரைதான் என்றும், உங்கள் திட்டம் லீட் 4.1 பதிப்பின் கீழ் வருகிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஆவணப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அங்கே போட்டவை, மேலே மெல்லிய கடின மரத் தகடும் அடியில் ஒட்டுப்பலகை அடுக்கும் கொண்ட, தொழிற்சாலையிலேயே வார்னிஷ் பூசப்பட்ட பலகைகள். கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் ஃபார்மால்டிஹைடு விதிகளுக்கு இணங்கியது என்ற சான்றிதழ் கையில் இருந்ததால், வேலை முடிந்தது என்று குறித்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விட்டேன். பல வாரங்கள் கழித்து மதிப்பாய்வாளரின் குறிப்பு வந்தது: இந்தச் சான்றிதழ் உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகையைப் பற்றியது, முழுமையடைந்த தரைப்பலகையின் உமிழ்வுக்கு ஆதாரம் எங்கே?

அவர் கேட்டது முற்றிலும் நியாயம். ஒட்டுப்பலகைக்கு அந்த வாரியம் வைத்த 0.05 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.05 பங்கு) வரம்பு, பலகையை ஒட்டும் பிசினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடை மட்டுமே கட்டுப்படுத்துகிறது; மேலே பூசிய வார்னிஷிலிருந்து என்ன ஆவியாகிறது என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. தரைக்கு வேண்டியது, கலிபோர்னியா பொதுச் சுகாதாரத் துறையின் செய்முறைப்படி, அதாவது 2017-இல் வந்த 1.2 பதிப்பின்படி, எடுக்கப்பட்ட சோதனை. அதில் பலகையைப் பத்து நாள் தூய காற்றில் பதப்படுத்தி, பிறகு நான்கு நாள் சோதனை அறைக்குள் வைத்து, பதினான்காம் நாள் அளவைக் கொண்டு ஓர் அலுவலக அறையிலோ வகுப்பறையிலோ காற்றில் எவ்வளவு சேரும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எந்த வகை அறைக்குக் கணக்கிட்டார்கள் என்பதும், ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் மொத்த அளவு எந்த வரம்புக்குள் வந்தது என்பதும் ஆவணத்தில் இருக்க வேண்டும். ஃப்ளோர்ஸ்கோர், கிரீன்கார்ட் கோல்டு போன்ற சான்றிதழ்கள் ஏற்கப்படுவது இந்தச் சோதனையை அடிப்படையாகக் கொண்டிருப்பதால்தான்.

எங்கள் மொத்தத் தரைப்பரப்பு ஏறத்தாழ 2000 சதுர மீட்டர், மரத்தரை அதில் 320. தரையில் 90 விழுக்காடு தகுதி பெற வேண்டும் என்பது விதி. மரத்தரை தகுதி இழந்தால் மிஞ்சுவது 84 விழுக்காடு. மற்ற தரைகளுக்கு எவ்வளவு கவனமாக ஆவணம் சேர்த்திருந்தும், இந்த ஒன்றால் தரைப் பிரிவு முழுவதும் கையை விட்டுப் போயிருக்கும்.

உற்பத்தியாளருக்கு எழுதினேன். உடனே ஒரு சான்றிதழ் வந்தது, ஆனால் அது எண்ணெய்ப் பூச்சு கொண்ட வேறொரு வரிசைக்கு உரியது. கிடங்கில் மிச்சமிருந்த ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டின் குறியீட்டைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் சரியான தாள் கிடைத்தது. அந்தப் பெட்டியும் குப்பைக்குப் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

அத்தோடு முடியவில்லை. ஒப்புதல் பெற்ற பசை தீர்ந்துபோனதால் கடைசி இரண்டு அறைகளுக்கு வேறு பசையைப் பயன்படுத்தியிருந்தார்கள். பசை தனிப் பிரிவு, அதற்குத் தனி ஆவணம் வேண்டும். களத்தில் ஒரு பொருளை மாற்றுகிறவர்கள் ஆவணம் பார்ப்பவரிடம் கடைசியில்தான் சொல்கிறார்கள், பல நேரம் சொல்வதே இல்லை; பதில் சொல்ல மட்டும் அவர் வேண்டும். இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முழு மரப்பலகைக்குச் சோதனையே தேவையில்லையே என்று சிலர் சொல்லக்கூடும். பூச்சும் பிசினும் இல்லாத முழு மரத்துக்கு அது சரி. தொழிற்சாலையில் மெருகேற்றி வந்த பலகைக்கு அந்த விலக்கு இல்லை. எஃப்எஸ்சி முத்திரையைக் காட்டுகிறவர்களும் உண்டு. அது காட்டைப் பொறுப்பாகப் பராமரித்ததற்கான சான்று, அறைக் காற்றைப் பற்றியது அன்று. இதெல்லாம் வெறும் காகித வேலை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தரையின் மேல் நாள்தோறும் எட்டு மணி நேரம் அமர்ந்து மூச்சு விடப்போகிறவர்களுக்கு, தாங்கள் எதைச் சுவாசிக்கிறோம் என்று அறிய வேறு எளிய வழி கிடையாது.

ஆகவே இன்றே உற்பத்தியாளருக்கு எழுதி, பெட்டியில் உள்ள வரிசைப் பெயர், பூச்சு வகை, குறியீடு மூன்றையும் கொடுத்து, கொள்முதல் நாளில் செல்லுபடியாகும் உமிழ்வுச் சான்றிதழைக் கேளுங்கள். பசை டப்பாக்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் சீட்டையும் படமெடுத்து வையுங்கள்.