கசூரினாவில் குளிப்பது யார்?

வணக்கம் ஐயா,

திருகோணமலைப் பக்கத்துச் சம்பூர் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே நிலக்கரி மின்நிலையம் வந்திருந்தால் கடலும் கடற்கரைச் சுற்றுலாவும் கெட்டிருக்கும் என்கிறீர்கள். வெள்ளைக்காரர் குளிக்கிற கடற்கரைக்காக நாங்கள் கரண்ட் இல்லாமல் இருக்க வேண்டுமா? 2022ஐ மறந்துவிட்டீர்களா?

க., மானிப்பாய்

அன்புள்ள தம்பி,

மறக்கவில்லை. அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. அப்போதும் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இருந்ததே! நாட்டில் டொலர் இல்லை. நிலக்கரியும் டொலர் கொடுத்தால்தான் கப்பலில் வரும்.

சரி, கடற்கரைக்கு வருவோம். ஒரு ஞாயிறு பின்னேரம் காரைநகர் கசூரினாவுக்குப் போய்ப் பாருங்கள். வான் பிடித்து வந்து, சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு இருப்பது எங்கள் சனம்தான். சின்னப் பிள்ளைகளைப் பயமில்லாமல் தண்ணீரில் இறக்குகிறார்கள். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் ஆழம்.

அந்த ஆழமில்லாத கடலைத்தான் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கடல்நீரை உள்ளே இழுத்து ஆற்றி, அந்தச் சுடுநீரைத் திரும்பவும் கடலில் விடுவார்கள். இழுக்கும்போதே மீன் முட்டையும் குஞ்சும் சேர்ந்து போய்விடும். ஆழ்கடல் என்றால் சூடு சீக்கிரம் கலந்துவிடும். எங்கள் கடலில் அது கரையோடு தேங்கும். நண்டும் இறாலும் குஞ்சாக இருந்து வளர்கிற கடற்புல் அங்கேதான் இருக்கிறது. பிள்ளை குளிக்கிற தண்ணீரும் கடற்றொழிலாளியின் சோறும் ஒரே இடத்தில், தம்பி. சுற்றுலாவை மட்டும் தனியாகப் பிரித்துப் பேச என்னால் முடியவில்லை.

சம்பூர் இருக்கிற கொட்டியாரக் குடாவிலும் இதே பயம்தான் இருந்தது. 2006இல் சம்பூரை விட்டு ஓடிய சனம், காணிக்காகப் பல வருடம் போராடித் திரும்பியது. அந்த ஊரின் தலையில்தான் 500 மெகாவாட் நிலக்கரித் திட்டத்தை ஏற்றப் பார்த்தார்கள். 2016இல் அது கைவிடப்பட்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

கரண்ட் வேண்டும், அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. பளையில் காற்றாலைகள் சுற்றுகின்றன, கூரைகளில் சோலார் ஏறுகிறது. அவற்றையும் கண்ட இடத்தில் நடக்கூடாது. மன்னார்ச் சனம் அதைத்தான் கேட்கிறது.

கற்பிட்டிப் பக்கம் போக நேர்ந்தால் நுரைச்சோலையில் இறங்கி, தோட்டக்காரர்களோடு கொஞ்சம் கதையுங்கள். நிலக்கரித் தூசியும் சாம்பலும் பயிரில் படிவதைப் பற்றி அவர்கள் பல வருடமாக முறையிடுகிறார்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், கட்டாயம் பிரசுரிக்கிறேன்.