பூல் விளையாட்டில் வெள்ளைப் பந்தின் வேகத்தையும் அது நிற்கும் இடத்தையும் எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஒரு வருடமாக விளையாடுவதாகவும், குறிபார்த்த பந்துகள் பெரும்பாலும் பொக்கற்றுக்குள் விழுந்துவிடுவதாகவும், ஆனால் இரண்டு பந்துகளுக்கு மேல் தொடர்ந்து போட முடியாதபடி வெள்ளை ஒவ்வொரு முறையும் தகாத இடத்தில் போய் நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டே மேசைகள் உள்ள ஒரு மண்டபத்தில் மாலை நேரங்களில் விளையாடத் தொடங்கிய காலத்தில் என் நிலையும் இதுவாகவே இருந்தது. காரணம் என் கை அல்ல, நான் பழகிய கரம் (கரம்போர்ட்) பலகை என்பதைக் கண்டுகொள்ள எனக்கு ஏறத்தாழ இரண்டு வருடங்கள் பிடித்தன.

இங்குள்ள பலரைப் போல நானும் போளையிலும் கரத்திலும் வளர்ந்தவன். கரத்தில் ஒரு காயைப் போட்டதும் ஸ்ட்ரைக்கரைக் கையால் எடுத்துக் கோட்டின் மேல் நமக்கு வசதியான இடத்தில் வைத்துக்கொள்கிறோம். அது குழிக்குள் விழாதவரை, எங்கே போய் நின்றது என்று யாரும் கவலைப்படுவதில்லை. பூலில் வெள்ளையை அப்படி எடுத்து வைத்துத்தர ஒருவரும் இல்லை. எடையிலும் ஒரு வேறுபாடு உண்டு. கரத்தின் காய் 5 முதல் 5.5 கிராம் வரை இருக்க, ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம் என்பதால், காயை நேராக அடித்த பிறகும் ஸ்ட்ரைக்கர் முன்னோக்கியே போகும். பூல் பந்துகளோ எல்லாம் 57.15 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ ஒரே எடையும் கொண்டவை. எனவே சுழற்சி இல்லாமல் வழுக்கிச் செல்லும் வெள்ளை இன்னொரு பந்தை நேர் நடுவில் மோதினால் தன் வேகம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெள்ளையைக் கட்டுப்படுத்தும் கலை இந்தச் சமஎடையிலிருந்தே தொடங்குகிறது.

எங்கள் மண்டபத்துக்கு, கனடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய ஓர் அண்ணை வருவார். என் ஆட்டத்தைச் சில நாட்கள் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, நீர் விழுற பந்தைத்தான் பாக்கிறீர், வெள்ளையை ஒருக்காலும் பாக்கிறேல்லை" என்றார். பிறகு மேசையிலிருந்த மற்றப் பந்துகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் வைத்து, தூரத்துக் குஷனில் (மேசை விளிம்பிலுள்ள ரப்பர்ச் சுவரில்) பட்டுத் திரும்பி என் பக்கத்துக் குஷனை ஒட்டி நிற்குமாறு அடிக்கச் சொன்னார். போட்டிகளில் யார் முதல் அடியை அடித்துப் பந்துக் கூட்டத்தை உடைப்பது என்பதைத் தீர்மானிக்க அடிக்கும் அதே அடிதான் இது. ஒரு கிழமை முழுவதும் எனக்கு வேறு பயிற்சி இல்லை. சலிப்பாகத்தான் இருந்தது, ஆனால் 'மேசையின் இரண்டு நீளம்' என்ற வேகம் கைக்குள் வந்த பிறகு, ஒரு நீளமும் மூன்று நீளமும் தாமாகவே வந்தன. நீங்களும் ஒரு கொப்பித் தாளை மேசையின் வெவ்வேறு இடங்களில் விரித்து, வெள்ளை அதன் மேல் வந்து நிற்கும்வரை அடித்துப் பாருங்கள். வேகத்தை அளப்பது தசையின் வலுவால் அல்ல; கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, பின்னிழுக்கும் தூரத்தால். மெதுவான அடிக்குக் குறைவாகவும் வேகமான அடிக்குக் கூடுதலாகவும் பின்னிழுத்து, முன்னே வரும் வீச்சை எப்போதும் ஒரே சீராக வைத்திருப்பது நல்லது. நீளமாகப் பின்னிழுத்துவிட்டு, பந்தை நெருங்கும்போது பயந்து கையைத் தளர்த்துவது நம்மில் பலருக்கு உள்ள நோய். அடித்த பிறகும் கியூ முன்னே செல்ல வேண்டும் என்று சொல்வார்கள். கியூவின் நுனி பந்தைத் தொட்டிருப்பது ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே என்பதால், அந்தத் தொடர்ச்சி பந்தை எதுவும் செய்வதில்லை. கை நடுவழியில் தளரவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

உருளும் பந்து செல்லும் தூரம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகத்தை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும். வேகத்தில் பத்து வீதம் தவறினால் தூரத்தில் ஏறத்தாழ இருபத்தொரு வீதம் தவறும். வெள்ளை இரண்டு அடி மட்டும் உருள வேண்டியிருந்தால் அந்தத் தவறு ஐந்து அங்குலம். எட்டு அடி உருள வேண்டியிருந்தால் இருபது அங்குலம். ஆகவே வெள்ளை குறைவாக நகரும் வழியைத் தேர்ந்தெடுப்பதே முதற் கெட்டித்தனம். அமெரிக்கரான வில்லி மொஸ்கோனி 1954ஆம் ஆண்டில் ஒஹாயோவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், 8 அடி மேசையொன்றில், தவறாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து போட்டார். அவ்வளவு பந்துகளையும் கடினமான கோணங்களிலிருந்து போட்டிருக்க எவராலும் முடியாது. ஒவ்வொன்றையும் எளிய பந்தாக ஆக்கியது அதற்கு முந்தைய அடி. இவையெல்லாம் வெளிநாட்டு வித்தைகள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பந்துகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே புள்ளி எடுக்க வேண்டிய, மூன்றே பந்துகள் கொண்ட பில்லியர்ட்ஸில் 1973ஆம் ஆண்டின் உலக அமெச்சூர் சம்பியன் நம் நாட்டவரான எம். ஜே. எம். லாபீர்.

வெள்ளை எத்திசையில் போகும் என்பதற்கு இரண்டு கோடுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். மோதும் கணத்தில் வெள்ளை சுழற்சியின்றி வழுக்கிக்கொண்டிருந்தால், அது மற்றப் பந்து போகும் திசைக்குச் செங்கோணமாக விலகும். முன்னோக்கி இயல்பாக உருண்டுகொண்டிருந்தால், மற்றப் பந்தின் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை எவ்வளவை மறைத்தபடி பட்டாலும், தான் வந்த திசையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகும். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் இயன்றளவு விரித்தால் இடையில் வரும் கோணம் ஏறத்தாழ அதுவே. எனவே ஒரு விரலை வெள்ளை வரும் திசையில் நீட்டிப் பிடித்தால் மற்ற விரல் அது போகும் வழியைக் காட்டிவிடும். இந்த 30 பாகை வழியில் குழப்பம் குறைவு என்பதால் நான் பெரும்பாலும் இதையே நம்பி ஆடுகிறேன். நேர் அடியை ஓரடி, இரண்டடி, நான்கடித் தூரங்களில் வைத்து, வெள்ளையை மோதிய இடத்திலேயே நிறுத்திப் பழகுங்கள். தூரம் கூடக் கூட, வெள்ளையை நடுவுக்குக் கீழே அடிப்பதால் வரும் பின்சுழற்சியைத் துணியின் உராய்வு தின்றுவிடுவதால், அதை இன்னும் சற்றுக் கீழே அடிக்க வேண்டியிருப்பதை நீங்களே காண்பீர்கள்.

நான் மிகப் பிந்திப் புரிந்துகொண்ட விடயம் ஒன்று உண்டு. அடுத்த பந்தைப் போடக்கூடிய இடம் ஒரு புள்ளி அல்ல. அது அந்தப் பந்தில் தொடங்கி, பொக்கற்றுக்கு எதிர்ப்புறமாக விரிந்து செல்லும் பனையோலை விசிறியைப் போன்ற ஒரு பரப்பு. வெள்ளை அந்த விசிறியின் நீளவாக்கில் உருண்டு வந்தால், ஓரடி கூடினாலும் குறைந்தாலும் அது பரப்புக்குள்ளேயே நிற்கும். குறுக்காக வெட்டிச் சென்றாலோ, வேகம் சற்றே பிசகினாலும் பரப்பைத் தாண்டிவிடும். முதலில் நான் பார்த்ததெல்லாம் எங்கே நிற்க வேண்டும் என்பதையே. இப்போது எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதையே பார்க்கிறேன். சில வேளைகளில் இதற்காக வெள்ளையைக் குஷனில் பட்டுச் சுற்றிவர விடுவேன். குறைவாக நகர்த்துங்கள் என்று மேலே நான் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். இந்த இரண்டு அறிவுரைகளும் முரண்படும்போது நீளவாக்கில் வருவதையே நான் தேர்ந்தெடுப்பேன். அதோடு, அடுத்த பந்துக்கு முற்றிலும் நேராக நிற்க ஆசைப்படாதீர்கள். நேராக நின்றால் வெள்ளையை முன்னும் பின்னும் மட்டுமே நகர்த்தலாம்; சிறிது கோணம் இருந்தால்தான் மூன்றாவது பந்தை நோக்கிப் பக்கவாட்டில் அனுப்ப முடியும். அந்தக் கோணமும் மூன்றாவது பந்து இருக்கும் பக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதால், எப்போதும் மூன்று பந்துகளைச் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. மூன்று பந்துகளை மட்டும் மேசையில் எறிந்து, வெள்ளையைக் கையால் விரும்பிய இடத்தில் வைத்து, வெள்ளை நிற்கப்போகும் இடத்தை ஒவ்வோர் அடிக்கும் முன் வாய்விட்டுச் சொல்லி வரிசையாகப் போடுவதுதான் இதற்கு எனக்குப் பலன் தந்த பயிற்சி. சொல்லாமல் அடித்தால், வெள்ளை தற்செயலாக நின்ற இடத்தையே நினைத்த இடம் என்று மனம் பிறகு ஏமாற்றிவிடும்.

வெள்ளையை நடுவுக்கு இடமோ வலமோ அடித்துக் கொடுக்கும் பக்கச் சுழற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது வெள்ளையின் பாதையையும் மற்றப் பந்தின் பாதையையும் ஒருங்கே மாற்றிவிடுவதால், எங்கே தவறினோம் என்று அறிய முடியாமற் போகும். நான் அதைத் தொட்டது மிகவும் பிந்தித்தான்.

கடைசியாக, நம் ஊர் மேசை ஒவ்வொரு நாளும் ஒரே மேசையாக இருப்பதில்லை. கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் துணி ஈரம் உறிஞ்சிப் பந்துகள் பாரமாக ஓடும். பங்குனி, சித்திரை வெயிலில் அதே அடிக்கு வெள்ளை அதிக தூரம் போகும். போதாக்குறைக்கு எங்கள் மண்டபத்து மேசையொன்று வாசல் பக்கம் சற்றே சரிந்திருக்கிறது. மெதுவாக உருட்டினால் பந்து அந்தப் பக்கம் வளைந்துவிடும் என்பதால், அதில் மட்டும் நான் ஒரு படி வேகமாகவே ஆடுவேன். எந்த மேசைக்குப் போனாலும் ஆட்டம் தொடங்குவதற்கு முன் வெள்ளையை மட்டும் ஐந்தாறு தடவை இரண்டு நீளத்துக்கு ஓடவிட்டு, அன்றைய துணி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.