குதிரையோடுதான் வேலை என்கிறாள் மகள்: கால்நடை மருத்துவம் மட்டும்தானா வழி?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்குப் பதினாறு வயது, பள்ளிப் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ முடித்துவிட்டாள். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் லாயம் கூட்டிக் கொடுத்து, அதற்குப் பதிலாகச் சவாரி கற்கிறாள். பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி ஆவேன் என்கிறாள். அப்பாவோ, குதிரைதான் வேண்டுமென்றால் கால்நடை மருத்துவம் படி, இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதே என்கிறார். பெரியப்பா வீட்டுப் பிள்ளை மருத்துவம் படிக்கிறது. குடும்ப விழா எதுவானாலும் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். மகளுக்கு வேதியியலில் 5, கணிதத்தில் 6, வடிவமைப்பு-தொழில்நுட்பத்தில் 8 (உச்சம் 9). உயரம் 170 செ.மீ., எடை 61 கிலோ. கடிதத்தின் கடைசியில் இப்படி ஒரு வரி: "லாடம் கட்ட வருகிறவருடைய வேனை விட்டு இவள் நகரமாட்டாள், வீட்டுக்கு வந்தால் குளம்பைத்தான் படமாக வரைகிறாள்."

அம்மா, எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நான் எழுதினால் இன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வரும். செப்டம்பரில் உங்கள் மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்பில், தனக்கு ஒட்டாத பாடங்களோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அதனால் ஆறுதலை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அப்பா சொல்கிற வழி. கால்நடை மருத்துவத்துக்கு ஏ லெவலில் உயிரியலும் வேதியியலும் உயர்ந்த தரத்தில் வேண்டும். ஜிசிஎஸ்இ வேதியியலில் 5 எடுத்த பிள்ளையை இரண்டு ஆண்டு தனிவகுப்பில் உட்கார்த்தி அந்த இடத்துக்குத் தள்ளப் பார்ப்பது வீண் பணம். தள்ளி உள்ளே விட்டுவிட்டாலும் படிப்பு ஐந்து ஆண்டு. 2025-26 கல்வியாண்டின் கட்டணம் 9,535 பவுண்டு. ஐந்து ஆண்டுக்கு 47,675. வீட்டு வாடகையும் சாப்பாடும் தனி. முடித்து வருகிறவர்களில் பலருக்கு வேலை நாய், பூனை மருத்துவமனையில்தான் அமையும். அந்தப் படிப்பைக் கனவு காண்கிற பிள்ளை இருந்தால் இவ்வளவும் தகும். உங்கள் மகள் அதைக் கேட்கவே இல்லை. "டாக்டர்" என்ற சொல்லை விழாவில் சொல்லக் கிடைப்பது உங்களுக்கு. ஐந்து ஆண்டு உழைப்பு அவளுக்கு. இதற்கு நான் உடன்படமாட்டேன்.

ஜாக்கி ஆசை கெட்டதில்லை. ஆனால் அவள் எந்த வாசலில் போய் நிற்கப் போகிறாள் என்பதை நீங்கள் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். "குலவித்தை கல்லாமல் பாகம் படும்", அதாவது குலத்தொழில் கற்காமலே ஓரளவு கைவந்துவிடும் என்கிற பழமொழியை நாம் கேட்டிருக்கிறோம். பிரிட்டிஷ் குதிரைப் பந்தயம் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தை ஒன்பது முறை வென்ற ஜாக்கி லெஸ்டர் பிகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாத்தா எர்னி பிகட் 1912-லும் 1919-லும் கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் பந்தயத்தை வென்ற ஜாக்கி. அப்பா கீத் பயிற்றுவித்த ஆயலா என்ற குதிரை 1963-இல் அதே பந்தயத்தை வென்றது. தாய்வழி ரிக்கபி குடும்பமும் ஜாக்கிகளின் குடும்பம். லெஸ்டர் முதல் பந்தயத்தை வென்றபோது அவருக்கு வயது 12, ஆண்டு 1948. இன்று 16 வயதுக்கு முன் பந்தயத்தில் ஏற முடியாது. ஆனால் அந்தப் பதினாறு வரை வீட்டு லாயத்தில் தினமும் குதிரை ஏறிய பிள்ளைக்கும், சனிக்கிழமை மட்டும் ஏறிய பிள்ளைக்கும் இடையே ஆயிரக்கணக்கான மணி நேரம் சேணத்தில் வித்தியாசப்படுகிறது. பழமொழி சொல்கிற "பாகம்" இதுதான். இரத்தத்தில் வருவது ஒன்றுமில்லை.

குலத்தொழில் கொடுக்கும் இரண்டாவது சொத்து வெளியே தெரியாது. புதிய ஜாக்கிக்குச் சமதளப் பந்தயத்தில், அதாவது தடைகள் இல்லாத ஓட்டத்தில், எடைச் சலுகை உண்டு: 20 வெற்றி வரை 7 இறாத்தல் (ஏறத்தாழ 3.2 கிலோ), 50 வரை 5, 95 வரை 3. சலுகை இருக்கும்வரை குதிரைப் பயிற்சியாளர்கள் கூப்பிடுவார்கள், ஏனென்றால் குதிரையின் முதுகில் எடை குறைகிறது. 95-ஆவது வெற்றியோடு அது போய்விடும். அன்றிலிருந்து பிரிட்டனின் தலைசிறந்த ஜாக்கிகளோடு ஒரே எடையில் போட்டி, வாய்ப்புகள் சட்டென்று வற்றும். பலருடைய தொழில் முடிவதும் அப்போதுதான். அந்த வறண்ட மாதங்களில் குதிரை கொடுப்பது யார்? அப்பாவுக்கு லாயம் இருந்தால் அப்பா. மூன்று முறை சாம்பியன் ஜாக்கியான ரயன் மூர் தன் முதல் வெற்றியை 2000-இல் டௌஸ்டரில் பெற்றார், அப்பா கேரி மூர் பயிற்றுவித்த குதிரையில். 1959-இல் ஆக்ஸோ மீது கிராண்ட் நேஷனல் வென்ற மைக்கேல் ஸ்குடமோர், எட்டு முறை சாம்பியனான மகன் பீட்டர், அவர் மகன் டாம் என்று மூன்று தலைமுறை தடை தாண்டும் பந்தயத்தில் ஓடியது.

பயிற்சியாளர் குடும்பங்களில் கைமாறுவது இன்னும் பெரியது. புல்வெளி, லாயம், பழகிய வேலையாட்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரை உரிமையாளர்களின் பட்டியல். ரிச்சர்ட் ஹானன் 2013 முடிவில் அப்பாவிடமிருந்து லாயத்தைப் பெற்றார், அடுத்த ஆண்டே சாம்பியன் பயிற்சியாளர். திறமை இல்லாமல் அது வராது. ஆனால் அதே திறமையோடு வெறுங்கையாக வருகிறவர் தீவனக் கடைக்கும் சம்பளத்துக்கும் மாதாமாதம் கட்டிவிட்டு, உரிமையாளர்கள் பணம் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். புதிய லாயங்கள் மூடப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். குதிரை தோற்று மூடப்பட்டவை குறைவு.

வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. சாம்பியன் பயிற்சியாளர் பால் நிக்கல்ஸ் ஒரு போலீஸ்காரரின் மகன். பிரிக்ஸ்டனின் எபனி குதிரைக் கழகத்தில் சவாரி கற்ற கதீஜா மெல்லா, ஹிஜாப் அணிந்து, 2019-இல் குட்வுட்டில் பெண்களுக்கான மக்னோலியா கோப்பைப் பந்தயத்தை வென்றார். அவருடைய வெற்றிக்குப் பின் தொடங்கிய ரைடிங் எ ட்ரீம் அகாடமி, பந்தயத் துறையில் அதிகம் காணப்படாத சமூகங்களிலிருந்து 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பந்தயக் குதிரைகளின் ஊரான நியூமார்க்கெட்டில் ஒரு வாரம் தங்கவைத்துக் கற்றுக்கொடுக்கிறது. உங்கள் மகளை அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆசையைச் சோதித்துப் பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை.

எடை விஷயத்தில் மட்டும் நான் வளைந்துகொடுக்கமாட்டேன். சமதளப் பந்தயத்தில் குறைந்தபட்ச எடை சேணத்தோடு ஏறத்தாழ 52 கிலோ, தடை தாண்டும் பந்தயத்தில் 64. 170 செ.மீ. உயரத்தில், இன்னும் வளர்கிற வயதில், 61 கிலோ என்பது ஆரோக்கியமான உடம்பு. சமதளத்துக்காக அவள் பத்துக் கிலோ இறங்க வேண்டியிருக்கும். பிரெட் ஆர்ச்சர் கிட்டத்தட்ட 178 செ.மீ. அவருடைய அப்பா 1858-இல் கிராண்ட் நேஷனல் வென்றவர். மகன் பதின்மூன்று ஆண்டு தொடர்ந்து சாம்பியன். பட்டினியாலும் பேதி மருந்தாலும் உடம்பை வற்றவைத்து, மனைவியைப் பறிகொடுத்த துயரத்தோடும் காய்ச்சலோடும் 1886-இல், 29 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மகள் சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்கினால் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இனி, கடிதத்தின் அந்தக் கடைசி வரி. உங்கள் மகள் வேனருகே நிற்பதைப் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கு அது விருப்பப்பாட விண்ணப்பமாகத் தெரிகிறது.

குதிரைக்கு லாடம் கட்டுவது பிரிட்டனில் சட்டம் காக்கும் தொழில். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற லாடக்காரரும், அனுமதியோடு தொழில் பழகுகிறவரும், கால்நடை மருத்துவரும் தவிர வேறு யாரும், அவசர முதலுதவி நேரம் போக, குதிரைக்கு லாடம் அடிக்கக் கூடாது. உரிமையாளரே தன் குதிரைக்கு அடித்தாலும் குற்றம். நூறு ஆண்டுப் பரம்பரைக் குடும்பமானாலும் இந்த ஆள் வந்துதான் ஆக வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். சவாரிக் குதிரைக்குச் சுமார் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, பந்தயக் குதிரைக்கு நான்கைந்து வாரத்துக்கு ஒரு தடவை புது லாடம். நியூமார்க்கெட்டில் மட்டும் ஏறத்தாழ 3,000 பந்தயக் குதிரைகள், 12,000 குளம்புகள். பந்தய நாளிலும் மைதானத்தில் லாடக்காரர் இருப்பார். பின்னங்கால் முன்னங்காலின் லாடத்தை மிதித்துப் பிடுங்கிவிட்டால், ஓட்டம் தொடங்கும் இடத்திலேயே மாற்றிக் கட்டுவது அவர்தான்.

வேலை எப்படி நடக்கிறது என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் அவர் மனதில் இருப்பது வெறும் சுத்தியலடி. குதிரையை முதலில் நடக்கவிட்டு, பின் பெருநடையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்: குளம்பின் எந்தப் பக்கம் முதலில் தரை தொடுகிறது, எங்கே தயங்குகிறது. பழைய ஆணிகளின் மடக்கை நிமிர்த்தி, குதிகால் பக்கமிருந்து குறடால் லாடத்தைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் குளம்புச் சுவர் பிய்ந்து வரும். வளர்ந்ததை வெட்டி, கத்தியால் சீவி, அரத்தால் மட்டம் பார்க்க வேண்டும். பந்தயக் குதிரைகளுக்கு இங்கேதான் சிக்கல். தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் குளம்புச் சுவர் மெல்லியது, பாதம் தட்டை, குதிகால் தாழ்ந்தது. முன்பகுதியை நீளமாக விட்டுவிட்டால் காலின் பின்புறத் தசைநாணில் இழுப்பு கூடும், சில வாரங்களில் குதிரை நொண்டும். பிறகு லாடத்தைப் பட்டடையில் குளம்புக்கேற்ப வளைக்க வேண்டும், குளம்பை லாடத்துக்கேற்ப அராவக் கூடாது. பயிற்சிக்கு எஃகு, பந்தயத்துக்கு அலுமினியம். அதே அளவில் அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான்.

அடுத்து ஆணி. வெளிப்பக்கம் நான்கு, உட்பக்கம் மூன்று என்பது வழக்கம். பாதத்தைச் சுற்றி ஓடும் வெள்ளைக் கோட்டில் நுழைந்து, சுவரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் வெளியே வர வேண்டும். சில மில்லிமீட்டர் உள்ளே போனால் உயிருள்ள சதை. குத்தினால் அப்போதே இரத்தம் வரும், குதிரை காலை உதறும். ஆணியை உடனே எடுத்து, துளையைக் கழுவி, பற்றுக் கட்டி, டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குத்தாமல் அழுத்தினால் இன்னும் மோசம், ஏனென்றால் குதிரை அடுத்த நாள்தான் நொண்டும், காரணம் தேட வேண்டியிருக்கும். இதற்குக் கை நிதானமும் முப்பரிமாணத்தில் பார்க்கிற கண்ணும் வேண்டும். தொழில்நுட்பப் பாடத்தில் 8 வாங்கி, குளம்பைப் படமாக வரைகிற பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"லாடம் கட்டுகிற வேலையா?" என்று பெரியப்பா கேட்பார். கேட்கட்டும். கைத்தொழிலை இழிவாகப் பார்க்கும் பழக்கத்தை நாம் கடல் தாண்டியும் சுமந்து வந்திருக்கிறோம். அதற்கு இந்தப் பிள்ளை விலை கொடுக்கக் கூடாது. நான்கு ஆண்டுப் பயிற்சி, அதன் முடிவில் 1356 முதல் வேர் கொண்ட லண்டன் லாடக்காரர் சங்கத்தின் தேர்வு, பதிவு, விருப்பமிருந்தால் அதே சங்கத்தின் இரண்டு மேல்நிலைத் தகுதிகள். நொண்டும் குதிரைக்குக் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே படத்தோடு வந்து ஆலோசிப்பதும் இவரிடம்தான்.

செய்ய வேண்டியவை. ஆங்கிலமும் கணிதமும் ஜிசிஎஸ்இ-யில் பொதுவாக 4 இருந்தால் கல்லூரிகள் ஏற்கும். அவளிடம் இருக்கிறது. மையர்ஸ்கோ, ஹியர்ஃபர்ட் போன்ற கல்லூரிகளில் இரும்பு வேலையின் ஆரம்பப் படிப்பு உண்டு. ஓராண்டு அதில் சேர்வது நல்லது, நெருப்பும் சுத்தியலும் ஒத்துவராவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். முழுப் பயிற்சிக்குக் கல்லூரியில் இடம் கேட்பதற்கு முன்னால் ஒரு முதலாளி வேண்டும்: பயிற்சி தர அங்கீகாரம் பெற்ற லாடக்காரர். அவரிடம்தான் பெரும்பாலான நாட்கள் வேலை, இடையிடையே சில வாரம் கல்லூரி. இடம் கிடைக்காமல் போவதும் இங்கேதான், சேர்ந்தபின் பாதியில் முறிவதும் இங்கேதான். மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருந்தால் வராது. பந்தயக் குதிரை லாயங்கள் நிறைந்த லாம்போர்ன், எப்சம், நியூமார்க்கெட் மூன்று ஊர்களுக்கும் நேரில் போங்கள். எஃகு முனைக் காலணியோடு ஒரு வாரம் கூட வேலை பார்த்துவிட்டு ஒப்பந்தம் பேசுங்கள். அந்த வாரத்தில் அவர் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார், குதிரை முரண்டு பிடித்தால் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை மகள் கவனிக்கட்டும். 17 ஆனதும் ஓட்டுநர் உரிமம் எடுக்கட்டும், அதில்லாமல் இந்தத் தொழிலில் நகர முடியாது.

பணக் கணக்கை மறைக்கமாட்டேன். பயிற்சிக்கு மகளிடம் கட்டணம் இல்லை, சம்பளம் உண்டு, ஆனால் குறைவு: 2025 ஏப்ரலில் தொழிற்பயிற்சிக்கான குறைந்தபட்சம் மணிக்கு 7.55 பவுண்டு. இங்கிலாந்தில் தொழிற்பயிற்சியில் சேர்ந்ததும் உங்களுக்கு வரும் குழந்தைகள் உதவித்தொகை நின்றுவிடும். வீட்டைவிட்டுத் தங்கினால் அறை வாடகைக்கு நீங்கள் கைகொடுக்க வேண்டியிருக்கும். தனிவகுப்புக்கு ஒதுக்கிய பணத்தை அதற்கு வையுங்கள். அவளுக்கென்று குதிரை வாங்க வேண்டாம், எந்த உறவினர் கடன் தருகிறேன் என்றாலும் வேண்டாம். முதுகு வலி இந்தத் தொழிலின் நிரந்தரத் துணை, உதையும் தீக்காயமும் வரும். சரியான நிற்கும் முறையை முதல் மாதத்திலேயே பழக வேண்டும்.

ஏ லெவல் படிவத்தை இன்னும் கையெழுத்திடாதீர்கள். குதிரையேற்றப் பள்ளிக்கு லாடக்காரர் அடுத்து எந்தத் தேதியில் வருகிறார் என்று கேட்டுவையுங்கள், தவறவிட்டால் மறுபடி ஆறு வாரம் ஆகும். அன்று அப்பா லீவு போட்டு மகளோடு போகட்டும், காலையிலிருந்து கடைசிக் குதிரை வரை கூடவே நிற்கட்டும்.