சின்ன ஊர் ஆற்றில் கேசினோ படகு விட்டால் சுற்றுலா வளருமா?

கேள்வி: அமெரிக்காவில் மிசிசிப்பி போன்றதொரு ஆற்றின் கரையில் ஐம்பது அறுபதாயிரம் பேர் வாழும் ஊர். ஆற்றுச் சுற்றுலா படுத்துக் கிடக்கிறது. கேசினோ படகு ஒன்றைக் கொண்டுவரலாம் என்று நகரசபைக்கு முன்மொழிவு எழுத வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும், எங்கே சறுக்கும்?

பதில்:

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதி எளிது. கேசினோ நடத்துபவருக்கு ஆறு தேவையில்லை. தண்ணீர் மேல்தான் ஆடலாம் என்று சட்டம் சொன்னதால் அவர் படகு வாங்கினார். சட்டம் தளர்ந்த இடங்களில் படகு முதலில் நின்றது, பிறகு ஆட்டமே கரையேறியது. ஆகவே படகை நம்பி முன்மொழிவு எழுதாதீர்கள். படகு சம்பாதிக்கிற பணத்தைக் கரையில் எப்படிக் கட்டிப்போடுவது என்பதை எழுதுங்கள்.

இதற்கு மூலக்கதை அயோவா மாநிலம். 1989-இல் கேசினோ படகுக்கான சட்டம், 1991 ஏப்ரல் 1 அன்று தொடக்கம், ஆற்றோர ஊர்களில் ஆளுக்கொரு படகு. பெட்டன்டார்ஃபில் டயமண்ட் லேடி, டாவன்போர்ட்டில் பிரசிடென்ட், டபியூக்கில் கேசினோ பெல். ஒரு பந்தயத்துக்கு 5 டாலருக்கு மேல் கூடாது, ஒரு பயணத்தில் ஒருவர் 200 டாலருக்கு மேல் இழக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அந்தக் காலத்து நீராவிப் படகு, பாட்டு, சாப்பாடு, கொஞ்சம் ஆட்டம் என்று சுற்றுலாவை முன்னால் வைத்த திட்டம். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் எதிர்க்கரை மாநிலமான இல்லினாய் ஆல்டனில் தன் முதல் படகை விட்டது, இழப்புக்கு வரம்பே இல்லாமல். மறு ஆண்டு தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் கேசினோக்கள் திறந்தன, அங்கே வரம்பும் இல்லை, படகு நகரவும் வேண்டாம். 1992-இலேயே டயமண்ட் லேடி பெட்டன்டார்ஃபை விட்டு அந்த மாநிலத்தின் பிலாக்சிக்குப் போய்விட்டது. டபியூக்கின் கேசினோ பெல் 1993-இல் போனது. அயோவா 1994-இல் வரம்புகளை நீக்கியபோது இந்த இரண்டு படகுகளும் ஏற்கெனவே ஊர் மாறியிருந்தன.

ஹோட்டல் கட்டிய முதலாளிக்குக் கோபம் வந்தால் ஹோட்டலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. படகு வைத்திருப்பவர் வடத்தை அவிழ்த்தால் போதும். ஒப்பந்தத்தில் இதற்கான பூட்டு இல்லையென்றால் மற்ற பக்கங்கள் எல்லாம் அலங்காரம்தான். பூட்டு என்பது இவை: படகுத்துறையும் அதையொட்டிய நிலமும் நகரத்தின் சொத்தாகவே இருக்க வேண்டும், குத்தகைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். டிக்கெட் கட்டடம், பார்க்கிங், முடிந்தால் ஹோட்டல், இவற்றை நடத்துபவர் தன் காசில் கரையில் கட்ட வேண்டும். வருமானம் எவ்வளவு குறைந்தாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை இருக்க வேண்டும். நடுவில் கிளம்பினால் உடனே பணமாக்கக்கூடிய வங்கி உத்தரவாதம் நகரத்தின் கையில் இருக்க வேண்டும். படகின் வரவை நம்பி இருபது ஆண்டுக் கடன் பத்திரம் வெளியிடவே கூடாது. ஒப்பந்தம் பத்து ஆண்டென்றால் கடன் எட்டு ஆண்டில் தீர வேண்டும்.

அயோவாவின் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. லைசென்ஸ் நடத்துபவருக்கு மட்டும் போவதில்லை. உள்ளூர் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று கூட்டாளியாக இருந்தாக வேண்டும், வருமானத்தில் குறைந்தது 3 சதவீதம் அதன் வழியாக ஊருக்குச் செலவாக வேண்டும். படகு போனாலும் அந்த அமைப்பு ஊரில் இருக்கும். டபியூக்கில் 1994-இல் டயமண்ட் ஜோ என்ற அடுத்த படகு வந்தது அப்படிப்பட்ட அமைப்பின் கூட்டில்தான். உங்கள் மாநிலச் சட்டம் இதைக் கேட்காவிட்டாலும் நீங்களாக எழுதிக் கேளுங்கள்.

அடுத்து, படகு ஓடுமா? ஓடாது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். மூன்று மணி நேரப் பயணம் கிளம்பிவிட்டால் தாமதமாக வந்தவர் திரும்பிப் போகிறார். கைக்காசு தீர்ந்தவர் இறங்க வழியில்லாமல் மேல்தளத்தில் நின்று ஆற்றைப் பார்க்கிறார். (அன்றைக்கு ஆற்றைப் பார்த்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.) கேசினோவின் கணக்கில் இரண்டுமே நஷ்டம். மேலே எரிபொருள், சான்றிதழ் பெற்ற மாலுமிகள், கடலோரக் காவல்படையின் சோதனை. அதனால் மூடுபனி, நீர்மட்டம் என்று காரணம் சொல்லிக் கரையிலேயே நின்றபடி 'பயணம்' நடத்துவது வழக்கமானது. கடைசியில் மாநிலங்களே விட்டுக்கொடுத்தன: இல்லினாய் 1999, லூயிசியானா 2001, இண்டியானா 2002. மிசௌரியில் இன்னும் வேடிக்கை. ஆற்றோரம் குளம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, அதில் மிதவையை வைத்து அதன்மேல் கட்டடம் கட்டினார்கள். 1998-இல் வாக்கெடுப்பு நடத்தி அதைச் செல்லுபடியாக்கினார்கள். டாவன்போர்ட்டில் முடிவு வேறு மாதிரி: 2016-இல் கேசினோ ஆற்றங்கரையையே விட்டு நெடுஞ்சாலைச் சந்திப்புக்குப் போய்விட்டது.

ஆகவே இரண்டையும் பிரித்து வையுங்கள். கேசினோ நிற்கட்டும். ஆற்றைக் காட்ட வேறொரு படகு, சூதாட்டமே இல்லாதது, குழந்தைகளும் ஏறக்கூடியது, பகலில் ஒன்றரை மணி நேரம் ஓடுவது. அதை ஆண்டுக்கு இத்தனை நாள் ஓட்டுவேன் என்பது கேசினோக்காரரின் ஒப்பந்தக் கடமையாக இருக்கட்டும். அளவைப் பெரிதாக்கிக்கொள்ளாதீர்கள். 100 டன்னுக்குக் குறைந்த படகில் பயணிகள் 150-ஐத் தாண்டினால் கடலோரக் காவல்படையின் விதித்தொகுப்பே மாறும். கட்டுமானமும் ஆள்பலமும் செலவும் ஒரே தாவாக ஏறும். சந்தையில் 149 பேர் படகுகள் அவ்வளவு கிடைப்பது அதனால்தான்.

இனி ஆறு. முன்மொழிவுகள் இந்தப் பகுதியை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன, பிறகு பணம் கரைவது இங்கேதான்.

டாவன்போர்ட்டில் வெள்ள அளவு என்பது 15 அடி. 1993-இல் ஆறு 22.63 அடி தொட்டது, 2019-இல் 22.70. படகுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அது மிதக்கும். பார்க்கிங் மூழ்கும், போகிற சாலை மூழ்கும், மின் பெட்டி மூழ்கும். நீங்கள் பார்க்க வேண்டிய அளவு, வெள்ளத்தன்று ஒரு காரும் ஒரு ஆம்புலன்ஸும் நனையாமல் படகு வாசலுக்கு வர முடியுமா என்பதுதான். முடியாதென்றால் வருமானக் கணக்கில் வாரக்கணக்கான மூடலைச் சேருங்கள். நடைபாலத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சக்கர நாற்காலிக்கான சரிவு 12-க்கு 1. படகின் தளம் கரையைவிட 10 அடி தாழ்ந்தால் 120 அடி நீளப் பாலம் வேண்டும். 40 அடிப் பாலம் வரைந்து கொண்டுவரும் கட்டடக்கலைஞர் சராசரி நீர்மட்டத்தை மட்டுமே பார்த்தவர். கழிவுநீர், குடிநீர், மின்சாரம் மூன்றும் படகோடு ஏறி இறங்கும் இணைப்பாக இருக்க வேண்டும். ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போகும் சமையலறையின் கழிவுக்குழாய் ஜனவரிக் குளிரில் உறைந்தால் அன்றைக்குக் கடை மூடல்தான். வடக்கே ஆறு உறையும் ஊரென்றால் படகின் அடியைச் சுற்றிக் காற்றுக்குமிழி விடும் குழாய் வேண்டும். ஐஸ் பிடித்து நெருக்காமல் இருக்க அதுதான் வழி.

எங்கே கட்டுவது? சரக்குப் படகுகள் போகும் முக்கிய நீர்வழியை ஒட்டி வேண்டாம். மேல் மிசிசிப்பியில் ஒரு இழுவைப் படகு 15 சரக்குப் படகுகளை மூன்று மூன்றாகச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் 195 அடி நீளம், சுமார் 1,500 டன் சரக்கு. 1998 ஏப்ரல் 4 அன்று செயின்ட் லூயிஸில் அப்படிப்பட்ட வரிசை ஒன்று ஈட்ஸ் பாலத்தில் மோதிச் சிதறியது. பிரிந்த சரக்குப் படகுகள் கீழே வந்து, அட்மிரல் என்ற கேசினோ கப்பலை இடித்தன. உள்ளே சுமார் 2,000 பேர். கட்டியிருந்த 10 வடங்களில் 8 அறுந்தன. இழுவைப் படகின் கேப்டன் தன்னிடம் மிச்சமிருந்த சரக்குப் படகுகளைக் கழற்றிவிட்டு, வந்து தன் முகப்பால் கப்பலைக் கரையோடு அழுத்திப் பிடித்ததால் பேரழிவு தப்பியது. இடம் தேர்ந்தெடுக்கும்போது பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், வளைவின் வெளிப்பக்கம் இரண்டையும் முதலிலேயே அடித்துவிடுங்கள்.

டயமண்ட் ஜோ நின்றது டபியூக்கின் ஐஸ் ஹார்பரில். பழைய காலத்து நீராவிப் படகுகள் குளிர்காலத்தில் ஒதுங்குவதற்காக வெட்டிய, உள்வாங்கிய படகுத்துறை அது. அதே துறையோரம் 2003-இல் மிசிசிப்பி ஆற்று அருங்காட்சியகமும் மீன்காட்சியகமும் வந்தன. ஆற்றோர நடைபாதை, மாநாட்டு மண்டபம் எல்லாம் அதே திட்டத்தின் பகுதி. 1982 ஜனவரியில் 23 சதவீதம் வேலையின்மை இருந்த ஊர் அது. இன்று டபியூக்கில் ஆற்றைப் பார்க்க வருபவர் பள்ளிக் குழந்தையோடு வருகிறார், அருங்காட்சியகத்துக்கு வருகிறார். டயமண்ட் ஜோ 2008-இல் கரைக் கட்டடத்துக்கு மாறியபோது சுற்றுலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அனுமதிகள்: துறைக்கும் தூண்களுக்கும் 1899-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டத்தின்படி ராணுவப் பொறியியல் பிரிவு, மண் கொட்டினால் தூய நீர்ச் சட்டத்தின்படி அதே பிரிவு, படகு ஓடுமென்றால் கடலோரக் காவல்படை, வெள்ளப் பாதையில் எது கட்டினாலும் நீர்மட்டம் உயராது என்ற பொறியாளர் சான்று. வாக்கெடுப்பு தேவைப்படும் மாநிலமென்றால் அதுவே முதல் படி. அதற்கு முன் ஒரு டாலர்கூட வரைபடத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

பணக் கணக்கு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்களே, இதற்கென்றே சொன்னது போல. உதாரணத்துக்கு 500 ஆடும் இடங்கள் என்று வையுங்கள். ஒரு ஸ்லாட் மெஷின் ஓர் இடம், மேசை ஆட்டத்தில் ஒரு நாற்காலி ஓர் இடம். ஓர் இடத்தில் ஒரு நாளைக்கு ஆடுபவர்கள் இழப்பது 150 டாலர் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2 கோடியே 73 லட்சத்து 75 ஆயிரம் டாலர். இல்லினாய் பாணியில் நகரத்துக்கு 5 சதவீதம் என்றால் சுமார் 13.7 லட்சம் டாலர். இதுவரை எல்லா முன்மொழிவிலும் இருக்கும். இல்லாதது அடுத்த வரி: இழந்தவர் யார்? பத்தில் ஏழு டாலர் உள்ளூர்க்காரருடையது என்றால், 1 கோடியே 91 லட்சம் டாலருக்கு மேல் அந்த ஊரின் உணவகம், துணிக்கடை, சினிமா இவற்றிலிருந்து நகர்ந்த பணம். 13.7 லட்சத்துக்காக அதை நகர்த்துவதற்குச் சுற்றுலா என்று பெயர் வைக்க முடியாது.

தலைக்கட்டணமாகவும் வாங்கலாம். மிசௌரியில் உள்ளே வருபவர் ஒவ்வொருவருக்கும் 2 டாலர், அதில் ஒன்று நகரத்துக்கு. கூட்டம் குறையாமல் வருமானம் குறையும் ஆண்டில் இது கைகொடுக்கும். சதவீதமும் தலைக்கட்டணமும் இரண்டுமாகக் கேளுங்கள்.

வெளியூர் பணம் மட்டுமே வரும் உதாரணம் வேண்டுமென்றால் நம் பக்கத்திலேயே கோவாவின் தலைநகர் பணஜி இருக்கிறது. 1996 சட்டத்திருத்தத்துக்குப் பின் மாண்டோவி ஆற்றில் கேசினோ கப்பல்கள் நங்கூரமிட்டன. 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் உள்ளே போக முடியாது. ஆண்டு லைசென்ஸ் கட்டணமே கோடிக்கணக்கில். உள்ளூர்ப் பணம் நகர்கிறது என்ற குறை அங்கே இல்லை. ஆனால் ஏற்றிச்செல்லும் படகுக்கான துறையும் அதன் முன்னால் கார் நெரிசலும் ஊருக்குள்தான். கப்பல்களை ஆற்றை விட்டு அகற்றச் சொல்லும் குரல் ஓயவேயில்லை. 2017 ஜூலையில் மழைக்காலக் கடலில் லக்கி செவன் என்ற கேசினோ கப்பல் இழுபட்டு மிராமார் கடற்கரையில் தரைதட்டி, மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. கரை தட்டினால் யார், எத்தனை நாளில், யார் செலவில் அகற்றுவது என்பதையும் குத்தகையில் ஒரு பிரிவாக எழுதுங்கள். (காவிரியிலோ தாமிரபரணியிலோ என்று கேட்பவர்களுக்கு: சூதாட்டம் மாநிலப் பட்டியல். தமிழ்நாட்டின் 1930 சட்டப்படி சூதாட்ட விடுதி நடத்துவதே குற்றம். பேச்சுக்கே இடமில்லை.)

லைசென்ஸ் கொடுக்கும் முறை வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். லூயிசியானாவில் 15 லைசென்ஸ்களே என்று எண்ணிக்கை கட்டினார்கள். அவற்றைச் சுற்றி நடந்த மிரட்டிப் பணம் பறித்தலுக்காக முன்னாள் ஆளுநர் எட்வின் எட்வர்ட்ஸ் 2000-இல் குற்றவாளியென்று தீர்ப்பானது. எண்ணிக்கை குறைந்த பொருளுக்கு மூடிய அறைப் பேச்சுவார்த்தை வேண்டாம். ஏலம், உறைபிரிப்பு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் பொதுவில்.

சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியவர்கள் தாமாகவே தங்களுக்குத் தடை போட்டுக்கொள்ளும் பதிவேட்டையும், ஆலோசகரின் சம்பளத்தையும் நடத்துபவரின் செலவில் சேருங்கள். நகரத்தின் பங்கிலிருந்து என்று எழுதினால் முதல் பட்ஜெட் நெருக்கடியில் வெட்டுப்படும்.

கடைசியாக, ஒப்பந்தம் போட்ட பிறகு சுற்றுலா வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடத்துபவர் தரும் வருகைக் கணக்கு போதாது. ஒரே ஆள் வாரம் மூன்று முறை வந்தாலும் அது மூன்று வருகை. உறுப்பினர் அட்டையில் உள்ள அஞ்சல் குறியீட்டுத் தொகுப்பை மூன்று மாதத்துக்கொருமுறை கேட்டு வாங்குங்கள். அதையும் நம்பாமல், மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவும் ஒரு சனிக்கிழமை இரவும் பார்க்கிங்கில் ஆள் விட்டு நம்பர் பிளேட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். பிளேட்டில் மாநிலப் பெயர் இருக்கும். அயோவாவில் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பெயரே இருக்கும். நோட்டும் பேனாவும் வைத்து இரண்டு மணி நேர வேலை. செவ்வாய்க்கிழமை எண்ணிக்கையில் உங்கள் கவுண்டியின் கார்களே முக்கால்வாசி என்றால், அடுத்த குத்தகைப் பேச்சில் அந்த நோட்டைத்தான் மேசையில் வைக்க வேண்டும்.