16-ஆவது லைன்ல இருந்து மட்டும் ஏன் ஒரு வீடு தள்ளி அடிக்குது?

வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து கேட்டிருக்காங்க. கீழ கம்பம் ஊர் ஆபீஸ்ல பிபிஎக்ஸும் (ஆபீஸ் போன்களை இணைக்கிற பெட்டி) ஒரு மக்ஸும் (பல போன் பேச்சை ஒரே லைன்ல ஏத்தி இறக்குற பெட்டி), மேல எஸ்டேட்ல இன்னொரு கம்பெனி மக்ஸ், நடுவுல ஈ1 லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த டிஜிட்டல் லைன்), மொத்தம் 20 போன். 15 வரைக்கும் சுத்தம். கம்பத்துல 16-ஆவது போர்ட்டுக்கு அடிச்சா மேல 17 அடிக்குது, 17-க்கு அடிச்சா 18, ஃபேக்டரிக்குப் போக வேண்டிய கால் டிஸ்பென்சரிக்குப் போகுது. கம்பத்து 20-ம் எஸ்டேட்டு 16-ம் ஊமை. கூடவே அப்பப்ப டிக்குனு ஒரு சத்தம், ஃபேக்ஸ் பாதியில நிக்குது. பாத்துட்டுப் போன ஏஜென்ட் ரெண்டு பக்கமும் கார்டு மாத்தணும்னு கொட்டேஷன் குடுத்திருக்காராம், மாத்தலாமான்னு கேக்குறாங்க.

மாத்தாதீங்க சார். கார்டு செத்தா போன் சாகும், பக்கத்து வீட்டுக்குப் போய் அடிக்காது.

ஈ1-ங்கிறத உங்க லயம் மாதிரி நெனச்சுக்கங்க. வரிசையா 32 வீடு, 0-ல இருந்து 31 வரைக்கும் நம்பர், ஒவ்வொண்ணும் 64 கேபிபிஎஸ், எல்லாம் சேந்து 2.048 எம்பிபிஎஸ். 0-ஆவது வீட்டுல வாட்ச்மேன், வரிசை எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்றதுதான் அவர் வேலை. 16-ல கங்காணி, யாரு போனை எடுத்தா, யாருக்கு ரிங் போகணும்னு சொல்றவர். மிச்சம் 30-லதான் பேச்சு. வீட்டுக்குப் பேரு டைம்ஸ்லாட், பேச்சுக்குப் பேரு சேனல். அதனால 15-ஆவது சேனல் 15-ஆவது டைம்ஸ்லாட்ல இருக்கும், 16-ஆவது சேனல் கங்காணி வீட்டைத் தாண்டி 17-ல இருக்கும். கம்பத்து மக்ஸ்ல சேனல் நம்பர் போட்டா அதுவே தாண்டி வச்சுக்கும், எஸ்டேட்டு மக்ஸ்ல டைம்ஸ்லாட் நம்பரை நாமதான் போடணும், போட்ட ஆளு 16-க்கு 16-னே தட்டிட்டுப் போயிருக்காரு. அவ்வளவுதான் சார் விஷயம், இதுக்கு ஒரு கொட்டேஷன்!

எஸ்டேட்டு பக்கம் மட்டும் 16-ல இருந்து 20 வரைக்கும் உள்ள போர்ட்டை 17-ல இருந்து 21-க்கு நகத்துங்க. கடைசியில இருந்து ஆரம்பிங்க, 20-ஐ முதல்ல 21-க்குத் தள்ளிட்டு அப்புறம் 19-ஐ 20-க்கு, இல்லன்னா ஸ்லாட்ல ஆள் இருக்குன்னு எரர் காட்டும்.

டிக் சத்தம் வேற கதை, அது க்ளாக். ரெண்டு மக்ஸும் இன்டர்னல்ல, அதாவது அததோட சொந்தக் க்ளாக்ல இருந்தா ரெண்டு கடிகாரம் ரெண்டு வேகத்துல ஓடும், பத்து லட்சத்துல ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் (32 வீடும் சேந்த ஒரு சுத்து) தவறும். காதுக்கு டிக்கு, ஃபேக்ஸுக்கு சாவு. கம்பம் இன்டர்னல், எஸ்டேட் லைன் க்ளாக் (லைன்ல வர்றதைப் பாத்து ஓடுறது), ஒண்ணு மாஸ்டர் ஒண்ணு ஸ்லேவ். ரெண்டும் லைன்ல இருக்கலாமான்னு கேப்பீங்க. நடுவுல எக்ஸ்சேஞ்ச்காரங்க தன் க்ளாக்கைப் போட்டு ஸ்லாட் ஸ்லாட்டா பிரிச்சுக் குடுக்குற லைன்னா இருக்கலாம், இருக்கவும் வேணும். சும்மா குழாய் மாதிரி இந்தப் பக்கம் விட்டதை அந்தப் பக்கம் தள்ளுற லைன்னா கூடவே கூடாது, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு மாஸ்டரே இல்லாம மிதப்பாங்க. உங்களது எந்த வகைன்னு லைன் குடுத்தவங்ககிட்ட எழுதிக் கேளுங்க. கேட்டா கீழ இருக்கிறவரு அது கேரளா டெலிகாம் சர்க்கிள்னுவாரு, மேல இருக்கிறவரு அது தமிழ்நாடுன்னுவாரு, குமுளி செக்போஸ்ட்டுல நிக்கிற லாரி மாதிரி உங்க டாக்கெட் (புகார்) நிக்கும். விடாம கேளுங்க.

அந்த ஏஜென்ட் மறுபடி வந்தா கெய்னை (சத்த அளவை) தொட விடாதீங்க. சத்தம் கம்மின்னு ஒருத்தர் கூட்டி வச்ச பெட்டிக்கு ஒரு தடவை நானே போயிருக்கேன், கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி எக்கோ, க்ரோன் ஸ்ட்ரிப்ல (போன் ஒயர் ஜோடி ஜோடியா வந்து சேர்ற பட்டை) டெஸ்ட் போனை ஒவ்வொரு ஜோடியா மாட்டி மாட்டி, பழைய லெவலுக்கு இறக்கி முடிக்க விடிஞ்சு போச்சு. மாத்து பெட்டின்னு செகண்ட்ஹேண்ட் எதையாவது தலையில கட்டுவாங்க, பேச்சை நம்பரா மாத்துற முறை நம்ம ஊருல ஏ-லா, அமெரிக்காவுல இருந்து வந்த பழைய பெட்டி மியூ-லாவுல இருக்கும், பேச்சு கரகரன்னு வரும், உடனே அதுக்கும் ஒரு கார்டு விப்பாரு.

எல்லாம் முடிஞ்சதும் மறக்காம சேவ் குடுங்க, ஒரு தடவை பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்துருங்க. உங்க ஊரு மழைக்கு கரண்ட் எப்ப போகும்னு உங்களுக்கே தெரியும், சேவ் பண்ணலன்னா திரும்பி வரும்போது டிஸ்பென்சரிதான் எடுக்கும்.