சீனியை நிறுத்தியும் எடை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 43, உயரம் 157 செ.மீ., எடை 72 கிலோ. எடையைக் குறைப்பதற்காக மூன்று மாதங்களாக வெள்ளைச் சீனியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. காலையிலும் மாலையிலும் கருப்பட்டிக் காபி, பதினொரு மணிக்கு வழக்கமாகக் குடிக்கும் மோருக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் அடித்த பால், நாலு மணிக்குத் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு என்று மாற்றிக்கொண்டேன். முதல் பத்து நாள் இரவில் சோற்றையும் நிறுத்தியிருந்தேன். அப்போது ஒன்றரைக் கிலோ குறைந்தது. பிறகு மீண்டும் பழைய எடைக்கே வந்துவிட்டது. என் கொழுந்தனாரோ, "எடைக்கும் சீனிக்கும் சம்பந்தமே கிடையாது மதினி, மொத்தக் கலோரிதான் கணக்கு" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, திருச்செந்தூர்

பதில்: கொழுந்தனார் சொன்னது சரிதான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமன் உள்ள பெண்களை இரு பிரிவாக்கி, இரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,100 கலோரி உணவை ஆறு வாரம் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு அந்தக் கலோரியில் 43 சதவீதம் சீனியிலிருந்தும், மற்றதற்கு வெறும் 4 சதவீதம் சீனியிலிருந்தும் வந்தது. ஆறு வார முடிவில் இரு பிரிவினருமே ஏறக்குறைய 7 கிலோ குறைந்திருந்தார்கள். மொத்தக் கலோரி அளவாக இருந்தால், அதற்குள் சீனி இருந்தது என்பதற்காக மட்டும் எடை கூடிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெண்கள் சாப்பிட்டது அளந்து கொடுக்கப்பட்ட சாப்பாடு. நம் வீட்டில் யாரும் அளந்து கொடுப்பதில்லை. பசிக்கும் ருசிக்கும் கைக்கும் ஏற்றபடி சாப்பிடுகிறோம். அப்படி இஷ்டப்படி சாப்பிடுகிறவர்கள் சீனியைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை, நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகக் குழு பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்டது. சீனியைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 0.8 கிலோ எடை குறைந்திருந்தது. அதே சீனிக்குப் பதிலாக, அதே கலோரி தரும் வேறு மாவுச்சத்தைச் சாப்பிட்டவர்களுக்கு எடையில் மாற்றமே இல்லை. உங்கள் கேள்விக்கான விடை இந்த இரண்டாவது முடிவில்தான் இருக்கிறது. நீங்கள் சீனியைக் குறைக்கவில்லை. அதன் பெயரை மாற்றியிருக்கிறீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களிடம் கருப்பட்டியைப் பற்றிக் குறை சொல்வது எனக்கும் சங்கடம்தான். அதன் மணமும் ருசியும் சீனிக்கு வராது. சிறிதளவு தாது உப்புகளும் அதில் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். 100 கிராம் சீனியில் ஏறத்தாழ 400 கலோரி என்றால், கருப்பட்டியும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் அதைவிடக் கொஞ்சமே குறைவு. அந்தக் கொஞ்சமும் கரண்டியில் கரைந்துபோகிறது. இதை எழுதுவதற்கு முன் என் வீட்டுத் தேக்கரண்டியைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். தலைதட்டிய ஒரு கரண்டிச் சீனி நாலு கிராம் இருந்தது, அதாவது 16 கலோரி. பொடித்த கருப்பட்டியைக் குவித்து எடுத்தபோது தராசு ஏழு கிராமைக் காட்டியது. நல்லதுதானே என்ற நினைப்பில் கை தானாகவே குவித்து எடுக்கிறது. தேன் இன்னும் ஏமாற்றும். அது அடர்த்தியானது என்பதால் ஒரு தேக்கரண்டியிலேயே ஏழு கிராம் அளவுக்கு ஏறிவிடும். கலோரி 20ஐத் தாண்டும்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். இரண்டு காபிக்கும் சேர்த்துக் கருப்பட்டியால் மட்டும் நூறு கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றுத் தேன் ஒரு நாற்பது. பெரிய மாற்றம் நடந்தது பதினொரு மணிக்கு. நீர் மோர் ஒரு டம்ளர் நாற்பது கலோரியைத் தாண்டாது. அந்த இடத்தில் ஒரு டம்ளர் பாலும் ஐந்து பேரீச்சம்பழமும் சேர்ந்து 230 கலோரிக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. சீனி போட்ட காபியும் மோருமாக இருந்த காலத்தைவிட இப்போது நீங்கள் கூடுதலாகவே எடுத்துக்கொள்கிறீர்கள்.

அந்த ஐந்து பேரீச்சம்பழத்தையும் மென்று தின்றிருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். பர்டூ பல்கலைக்கழகத்தில் 2000இல் வெளியான ஒரு சிறு பரிசோதனையில், 15 பேருக்குத் தினமும் 450 கலோரியை நாலு வாரம் மிட்டாயாகவும் இன்னொரு நாலு வாரம் குளிர்பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற காலத்தில் அவர்கள் தம்மையறியாமலே மற்றச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். குளிர்பானம் குடித்த காலத்தில் குறைக்கவில்லை, எடையும் கூடியது. குடிக்கிற இனிப்பை வயிறு சாப்பாட்டுக் கணக்கில் சரியாக எழுதிக்கொள்வதில்லை. எடை குறைக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, நாள் முழுக்க என்னென்ன குடிக்கிறீர்கள் என்பதைத்தான்.

முதல் பத்து நாளில் குறைந்த ஒன்றரைக் கிலோவில் பெரும்பங்கு நீராகத்தான் இருந்திருக்கும். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். இரவுச் சோற்றை விட்டதும் அந்தச் சேமிப்பு குறைந்து நீரும் வெளியேறியது. சோறு திரும்பியதும் அதுவும் திரும்பியது.

நீங்கள் என்ன செய்யலாம்? கருப்பட்டிக் காபியை விட வேண்டாம். நாளுக்கு ஒன்று, தலைதட்டிய இரண்டு கரண்டியோடு குடியுங்கள். பதினொரு மணிக்கு மோருக்கே திரும்புங்கள். எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். தேன், கருப்பட்டி, பழச்சாறு எல்லாவற்றையும் சேர்த்தே, இத்தகைய சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 1,500 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அந்த 5 சதவீதம் ஏறத்தாழ 19 கிராம். நான் சொன்ன ஒரு காபி அதற்குள் தாராளமாக அடங்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் நாலு லிட்டர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, கலோரியில் 270. சீனி டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டு எண்ணெய்ச் சட்டியைக் கவனிக்காமல் விடுகிற வீடுகளே அதிகம். மைசூர்பாகு தின்று எடை கூடினால் சீனியைத் திட்டுகிறோம். அதில் நெய்க்கு உள்ள பங்கை யாரும் பேசுவதில்லை.

கேள்வி: சீனிக்குப் பதிலாகக் கலோரி இல்லாத இனிப்பு மாத்திரையைப் பயன்படுத்தினால் எடை குறையுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, நீண்ட கால நோக்கில் உடல் கொழுப்பு குறைவதற்கான சான்று இல்லை என்பதே காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் சீனியைக் குறைத்துக்கொண்டு வந்தால், நாலைந்து வாரத்தில் பழைய காபி திகட்டும். மாத்திரை போட்டால் நாக்கு பழைய இனிப்பிலேயே நின்றுவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் மாம்பழத்தையும் விட்டுவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அந்த வரம்பில் சேராது. 100 கிராம் மாம்பழச் சதையில் 60 கலோரி அளவே உண்டு. நடுத்தரமான ஒரு பழத்தை மாலைப் பலகாரத்துக்குப் பதிலாகச் சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு மேல் சாப்பிட்டால் அது கூடுதல் கணக்கு. சாறாகக் குடிப்பதைத்தான் தவிர்க்கச் சொல்வேன். கடையில் மிக்ஸியை ஓடவிடுவதற்கு முன் எத்தனை கரண்டிச் சீனி உள்ளே போகிறது என்று ஒரு நாள் நின்று எண்ணிப் பாருங்கள்.