இழப்பீடு யாருக்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பிரிட்டன் அடிமை முறையை ஒழித்ததில் கருணையைவிடக் கணக்குக்கே பங்கு அதிகம் என்பது அவர் வாதம் என்று எழுதியிருந்தீர்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் போன்றவர்கள் வாழ்நாளையே அடிமை ஒழிப்புக்குக் கொடுத்தார்கள் என்றுதான் நான் படித்திருக்கிறேன். எல்லாவற்றையும் காசாகப் பார்த்தால் அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகாதா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

வில்பர்ஃபோர்ஸைப் பற்றி வில்லியம்ஸ் சற்றுக் கிண்டலாகவே எழுதினார், உண்மைதான். கரீபியத் தீவான டிரினிடாடிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போன கறுப்பின இளைஞர். ஆங்கிலேயரின் சுயபுராணத்தை அங்கே கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார். அவர் வாதத்தில் ஓட்டை இல்லாமலில்லை. கரீபியக் கரும்புத் தோட்டங்களின் லாபம் சரிந்ததும் ஒழிப்புக்குக் காரணம் என்றார் அவர். ஆனால் 1807இல் அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டபோது அந்தத் தோட்டங்கள் நொடித்துப்போயிருக்கவில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த இடத்தில் எனக்கும் அவரோடு உடன்பாடில்லை.

ஆனால் வில்பர்ஃபோர்ஸைச் சொல்கிற நாம் சாமுவேல் ஷார்ப்பை விட்டுவிடுகிறோமே! 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் அந்த அடிமை தொடங்கிவைத்த வேலைநிறுத்தம் பெருங்கிளர்ச்சியாக வெடித்தது. 1832இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே ஒழிப்புச் சட்டம் வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். அந்தச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்களுக்குக் காலணா கிடையாது. பெரும்பாலான கரீபியத் தீவுகளில் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளியிடம் கூலியில்லாமல் உழைத்தார்கள். இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் முழுதாக அடைபட்டது 2015இல்தான்.

அந்த இழப்பீட்டுப் பதிவேடுகளை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கேத்தரின் ஹாலும் அவர் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் துருவி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பெயரைத் தட்டினால் தொகை வந்து நிற்கும். பாதிரியார்கள் இருக்கிறார்கள். எங்கோ ஓர் ஆங்கிலேய ஊரில் இருந்துகொண்டு இரண்டு மூன்று அடிமைகளின் வருமானத்தில் காலம் தள்ளிய விதவைகள் இருக்கிறார்கள். பெரிய புள்ளிகளும் உண்டு. பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா ஜான் கிளாட்ஸ்டன் 1 லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார்.

அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? அடிமைகள் போன இடத்துக்கு ஆள் வேண்டுமே. கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவிக்க ஏற்பாடு செய்தார். 1838இல் முதல் இரண்டு கப்பல்கள் தென் அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் கயானா போய்ச் சேர்ந்தன. சில ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின.